அமெரிக்க நகரங்களில் வாடகை வீடு

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் வாடகை வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று பெரியவர்களில் சிலர் வியக்கக்கூடும். ஆனால் இவ்விரண்டும் நம் மக்களைப் பொறுத்தவரை என்றுமே தனித்தனியாக இருந்ததில்லை. பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைக்குப் பட்டணத்தில் படுக்க இடம் கிடைக்காமல் படிப்பு நின்ற கதைகளை இந்த அவையில் உள்ள பலர் அறிவார்கள். விடுதிகள் நம் சமுதாயத்துக்கு ஏன் இத்தனை இன்றியமையாதவை ஆயின? வாடகைக்கு வீடு கேட்டால் கிடைக்காது என்பதனால்தான்.

இன்று நம் பிள்ளைகள் கடல் கடந்தும் படிக்கச் செல்கிறார்கள். மைய அரசின் அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அதன் பயன் நம் வீட்டு வாசலை எட்டப் பல்லாண்டுகள் ஆயின என்பது வேறு செய்தி. எப்படியாயினும், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற நம் இளைஞர்கள் சிலர், புறப்படுமுன் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று வேடிக்கையாகத் தோன்றும். "வீட்டு விளம்பரங்களில் எல்லாம் 'ஹார்டுவுட் ஃப்ளோர்' என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன? அதற்கு ஏன் அவ்வளவு பெருமை?" என்பதே அக்கேள்வி. அந்தக் கேள்வியையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். தரையைப் பற்றிக் கேட்டால், அந்தத் தரையின் மேல் நிற்க யாருக்கு உரிமை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தரை. நாம் சாணம் மெழுகிய மண்தரையில் பிறந்தவர்கள். பிறகு சிமெண்டுத் தரை வந்தது. வசதி உடையவர் வீட்டில் காவித் தரையும் மொசைக்கும் பார்த்தோம். குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டின் எலும்புக்கூடே மரச் சட்டங்களால் ஆனது. வெளிச்சுவர் செங்கல்லாக இருந்தாலும் ஒவ்வொரு மாடியின் தளத்தையும் தாங்குவன மரச் சட்டங்களே. அவற்றின் மேல் பலகை பரப்புகிறார்கள். ஓக், மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்களின் பலகையையே கடினமரம் என்கிறார்கள். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். மென்மரத்தில் குதிகால் செருப்பின் அடி பட்டாலும் தடம் விழும். ஓக்கில் எளிதில் விழாது.

பழைய வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது இரண்டேகால் அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள பட்டைப் பலகை. ஒரு பக்கம் நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் காடி எடுத்திருக்கும். ஒன்றின் நாக்கை மற்றொன்றின் காடியில் செருகி, ஆணியின் தலை வெளியே தெரியாதபடி சாய்வாக அடிப்பார்கள். நம் ஊர்த் தச்சர் பார்த்தால் இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பார். மேலே பூசும் பூச்சில்தான் மெருகு இருக்கிறது. இக்காலத்தில் பாலியூரித்தேன் வார்னிஷ் பூசுகிறார்கள். அதற்கு முன்பு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அரக்கும் மெழுகும் பூசுவது வழக்கம். அரக்கு எங்கிருந்து போயிற்று? பெருமளவு நம் நாட்டிலிருந்தே போயிற்று. சோட்டா நாகபுரிக் காடுகளில் பழங்குடி மக்கள் மரக்கொம்புகளிலிருந்து சுரண்டிச் சேர்த்த பொருள், கடல் கடந்து அமெரிக்கச் செல்வர் வீட்டுத் தரையில் பளபளத்தது. சுரண்டிச் சேர்த்தவர் அந்தத் தரையை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார்.

இந்தத் தளத்துக்குப் பகை தண்ணீர். நம் வீடுகளில் பண்டிகைக்கு முன்னாள் வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிடுவோம். அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஈரம் இறங்கினால் பலகை உப்பும்; ஓரங்கள் எழும்பி நடு பள்ளமாகி ஓடம் போல வளையும். பிழிந்த துணியால் துடைத்து உடனே உலரவிட வேண்டும். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும். அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகளை நெடுநாள் ஒரே இடத்தில் போட்டால் பூச்சில் கறை ஏறும். மாவு ஆட்டும் கிரைண்டரை வெறும் பலகை மேல் வைத்தால் தளத்துக்குக் கேடு. கீழ்வீட்டுக்காரரின் காதுக்கும் கேடு. நியூயார்க் நகரத்து வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில், அறையின் தளத்தில் நூற்றுக்கு 80 பங்கைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்னும் வாசகம் இருக்கும். அது அரசு இயற்றிய சட்டமன்று. நாம் கையொப்பமிட்டு ஏற்கும் நிபந்தனை. படிக்காமல் கையொப்பமிட்டவர் பிறகு கம்பளம் வாங்க அலைகிறார். செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் மட்டும் அந்தத் தளத்துக்கு மிகவும் ஏற்றது.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றுவதால் காற்று உலர்ந்து, பலகைகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி தோன்றும். கோடையில் அது தானே மூடிக்கொள்ளும். இது மரத்தின் இயல்பு, குடியிருப்பவரின் குற்றமன்று. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கைவைக்க உரிமையாளர் முதலில் காட்டும் இடம் பெரும்பாலும் தரைதான்.

முன்பணம் பற்றிய சட்டம் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க் மாநிலத்தில் 2019 ஜூன் திங்களில் இயற்றிய சட்டப்படி, ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த 14 நாட்களுக்குள், எதற்கு எவ்வளவு பிடித்தம் என்ற கணக்கோடு மீதியைத் திருப்பித் தர வேண்டும்; தவறினால் பிடித்தம் செய்யும் உரிமையே போய்விடும். காலி செய்வதற்கு முன்பே வீட்டைப் பார்வையிட்டு, குறைகளைச் சொல்லும்படி கேட்கும் உரிமையும் குடியிருப்பவருக்கு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் வரம்பு ஒரு மாத வாடகையே. திருப்பித் தரும் கெடு 30 நாள். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பொதுவாக ஒரு மாத வாடகையே வரம்பு. கெடு 21 நாள். இம்மூன்று இடங்களிலும் ஒரு கொள்கை பொதுவானது: இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது. நடந்து நடந்து பூச்சு மங்கினால் அது தேய்மானம். கட்டிலைத் தரதரவென்று இழுத்துப் பலகையைக் கீறினால் அது சேதம். இரண்டுக்கும் நடுவே உள்ள வழக்குகளே மிகுதி. ஆகவே சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன், தரையின் ஒவ்வொரு மூலையையும் நிழற்படம் எடுத்து, நாளும் குறிப்பிட்டு உரிமையாளருக்கே அனுப்பிவிட வேண்டும்.

தரையைப் பற்றி இவ்வளவு போதும். இனி அதன் மேல் வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்கிறோம்.

சிகாகோ நகரத்தை எடுத்துக்கொள்வோம். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் கொத்தடிமை போல் உழன்ற கறுப்பின மக்கள், முதல் உலகப் போர்க் காலத்தில் ஆயிரமாயிரமாக வடக்கே புறப்பட்டார்கள். 1910இல் சிகாகோவில் சுமார் 44 ஆயிரமாக இருந்த அவர்கள் தொகை 1920இல் 1 இலட்சத்து 9 ஆயிரத்தைத் தாண்டியது; 1960இல் 8 இலட்சத்தையும் கடந்தது. மக்கள் பெருகினார்கள், அவர்கள் வாழ விடப்பட்ட பகுதி அந்த அளவுக்குப் பெருகவில்லை. நகரத்தின் தென்பகுதியில் நீளமும் குறுகலுமான ஒரு பட்டைக்குள் அவர்களை அடைத்தார்கள். எல்லை தாண்டி வீடு பிடித்தவர்களின் வாசலில் குண்டு வெடித்தது. 1917 ஜூலை முதல் 1921 மார்ச் வரை இவ்வாறு 58 வீடுகள் குண்டுவீச்சுக்கு உள்ளாயின என்று நகரின் இன உறவு ஆய்வுக்குழு கணக்கெடுத்தது. 1919ஆம் ஆண்டுக் கலவரத்தில் 38 பேர் மாண்டனர்.

குண்டைவிட நெடுநாள் வேலை செய்தது காகிதம். ஒரு தெருவின் வீட்டு உரிமையாளர்கள் கூடி, 'எங்கள் வீடுகளைக் கறுப்பினத்தாருக்கு விற்கவும் மாட்டோம், வாடகைக்கு விடவும் மாட்டோம்' என்று பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். 1920களின் பிற்பகுதியிலிருந்து சிகாகோவின் வீட்டுமனைத் தரகர் கழகமே இதற்கு ஒரு மாதிரிப் படிவம் தயாரித்துத் தெருத் தெருவாகப் பரப்பியது. அந்தப் படிவத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கறுப்பினத்தார் அந்த வீடுகளில் குடியிருக்கக் கூடாது. ஆனால் வீட்டு வேலைக்காரராகவோ, வண்டியோட்டியாகவோ, கட்டடக் காவலராகவோ இருந்தால் நிலவறையிலும் பின்கட்டுக் கொட்டகையிலும் வேலைக்காரர் அறையிலும் தங்கலாம்.

இதன் பொருள் என்ன? மண்டியிட்டு அந்தப் பலகைத் தளத்துக்கு மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கலாம். அதே தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாடகை கொடுக்கலாகாது. உடல் தீட்டன்று, உரிமைதான் தீட்டு! நம் ஊர்களில் களத்து நெல்லைத் தூற்றிப் புடைத்து வீட்டு வாசல் வரை சுமந்துகொண்டு போகிறவன், வாசலைத் தாண்டக் கூடாது என்றார்களே, அதற்கும் இதற்கும் எழுத்தில் மட்டும்தான் வேறுபாடு. அவர்கள் பத்திரம் எழுதினார்கள். இங்கே எழுதாமலே நடந்தது.

பட்டைக்குள் அடைபட்ட மக்களிடம் வாடகை வேட்டை தொடங்கியது. ஒரு காலத்தில் வசதி படைத்த குடும்பம் ஒன்று வாழ்ந்த ஆறு அறை வீட்டைத் தட்டியால் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று ஏற்றினார்கள். ஒவ்வோர் அறையிலும் ஓர் அடுப்பு. எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை. அவற்றுக்குக் 'கிச்சனெட்' என்று செல்லப் பெயர் வேறு. ரிச்சர்டு ரைட் என்னும் எழுத்தாளர் 1941இல் வெளியிட்ட நூலில் இந்த அறைகளின் கொடுமையை எழுதியிருக்கிறார். ஒரு வீட்டுக்கு வந்த வாடகையைப் போலப் பன்மடங்கு அதே வீட்டிலிருந்து வந்தது. இடம் சுருங்கச் சுருங்க வாடகை ஏறும் இந்தக் கணக்கு, மாநகரத்தில் நம் மக்கள் குடியிருக்கும் பகுதிகளை அறிந்தவர்க்குப் புதிதாக இராது.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. கார்ல் ஹான்ஸ்பெரி என்பவர் 1937இல் தடை செய்யப்பட்ட பகுதியில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார். கும்பல் திரண்டு வந்து கல்லெறிந்தது. உள்ளே இருந்த சிறு பெண்ணின் தலை மயிரிழையில் தப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1940இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஆயினும் தீர்ப்பு நடைமுறைச் சட்ட நுணுக்கம் ஒன்றின்பேரில் வந்ததே தவிர, பத்திரத்தின் அநியாயத்தைத் தொடவில்லை. அந்தச் சிறு பெண்தான் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கத் துணியும் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய நாடகம் 1959இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஏறியது. இத்தகைய பத்திரங்களை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948 மே திங்களில், செயின்ட் லூயி நகரத்து வழக்கில். அதன் பிறகும் வீடு கிடைக்கவில்லை. பத்திரம் போனது, "வீடு இப்போதுதான் வாடகைக்குப் போயிற்று" என்னும் புன்னகை வந்தது.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைக்காமல் மேலே செல்ல முடியவில்லை. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் சென்ற அவர், கொலம்பியா பல்கலைக்கழகத்து விடுதியில் தங்கினார். பின்னர் நாவல் பதேனா என்னும் பார்சி மாணவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டார். அங்கே அவருக்கு அறை கிடைத்தது. 1917இல் பணியேற்கப் பரோடாவுக்குத் திரும்பிய அவருக்கு அந்த நகரத்தில் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியேந்திய ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. உயர்கல்வி கற்றுத் திரும்பிய அறிஞர் பூங்காவில் உட்கார்ந்து அழுதார். இதைச் சொல்லிவிட்டு, 'அமெரிக்காவில் நீதி இருந்தது, இந்தியாவில் இல்லை' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது அரைகுறைப் பேச்சு. அண்ணல் படித்த அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே ஹார்லெம் இருக்கிறது. அவருக்கு அறை தந்த அதே நகரத்தில் கறுப்பினக் குடும்பம் வீடு தேடி அலைந்தது. அங்கங்கே அவரவர்க்கு உரிய தீண்டாமை இருந்தது என்பதே சரி. அண்ணலும் இதை உணர்ந்தவரே. 1946இல் கறுப்பினத் தலைவர் டூ பாய்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் அதற்குச் சான்று.

இனி 1966க்கு வருவோம். அந்த ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்கு வந்தார். நட்சத்திர விடுதியில் தங்கிக்கொண்டு சேரியைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை. லான்டேல் பகுதியில், ஹாம்லின் தெருவில், பழுதடைந்த கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் நான்கு அறைகளை மாதம் 90 டாலர் குடிக்கூலிக்கு எடுத்தார். வெள்ளையர் பகுதிகளில் இதைவிடப் பெரிய, புதிய வீடு இதைவிடக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதல் நுழைந்ததைத் திருமதி கொரெட்டா கிங் தம் நூலில் எழுதியிருக்கிறார். கீழ்க்கூடத்தின் தரை சிமெண்டுகூட அன்று, வெறும் மண். கதவுக்குப் பூட்டில்லாததால் குடிவெறியர்கள் உள்ளே வந்து சிறுநீர் கழித்துச் செல்வார்கள். நாற்றம் தாங்க முடியவில்லை. உலகத்தின் செல்வம் கொழிக்கும் நாட்டில், 1966ஆம் ஆண்டில், வாடகை வீட்டுத் தரை மண்!

குடிவரப்போவது யார் என்று தெரிந்ததும் உரிமையாளர் அவசர அவசரமாகக் கொத்தனாரையும் வண்ணம் பூசுவோரையும் அனுப்பினார். கிங் வீடு வீடாகக் குடிமாறிக்கொண்டே இருந்தால் சிகாகோவின் சேரிகள் எல்லாம் சீராகிவிடும் என்று அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம். அடுத்த மாதமே கிங்கின் இயக்கத்தார் வேறொரு பாழடைந்த கட்டடத்தைத் தாமே பொறுப்பேற்று, குடியிருப்போரின் வாடகையை உரிமையாளருக்குக் கொடுக்காமல் பழுதுபார்க்கச் செலவிடத் தொடங்கினார்கள். சட்டப்படி அது சரியா என்று கேள்வி எழுந்தது, வழக்கும் வந்தது. ஆயினும் வாடகை கொடுப்பவர்கள் ஒன்று சேர்ந்தால் அதுவும் ஒரு வலிமை என்பதை அம்மக்கள் கண்டுகொண்டார்கள்.

ஆகஸ்டு 5ஆம் நாள் வெள்ளையர் குடியிருப்புப் பகுதியான மார்க்கெட் பூங்காவில் நடந்த ஊர்வலத்தில் கிங்கின் தலையில் கல் விழுந்தது. தென் மாநிலங்களில்கூட இத்தகைய பகைமையைக் கண்டதில்லை என்னும் பொருள்பட அவர் சொன்னார். எதற்காக அந்தக் கல்? வாக்குரிமைக்காக அன்று, பேருந்தில் இருக்கைக்காகவும் அன்று. பக்கத்து வீட்டில் குடியிருப்பதற்காக. மற்ற எல்லா உரிமைகளையும்விட இதைக் கொடுக்கத்தான் மனிதன் மிகவும் தயங்குகிறான்.

1968 ஏப்ரல் 4ஆம் நாள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழு நாட்கள் கழித்து, ஏப்ரல் 11ஆம் நாள், வீட்டுவசதி நியாயச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்டார். இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ மறுப்பது அதனால் குற்றமாயிற்று. 1974இல் பாலினமும், 1988இல் உடல் ஊனமும் பிள்ளைகள் உள்ள குடும்பம் என்பதும் பட்டியலில் சேர்ந்தன.

சட்டம் வந்தது, மறுப்பை மெய்ப்பிப்பது எப்படி? உரிமையாளர் "நீ கறுப்பன், போ" என்று சொல்ல மாட்டார். "வீடு காலி இல்லை" என்பார். இதற்கு அங்கே ஓர் எளிய வழி கண்டார்கள். வருமானம், வேலை, வயது எல்லாம் ஒத்த இருவர், ஒருவர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர், ஒரே வீட்டை அடுத்தடுத்துச் சென்று கேட்பார்கள். ஒருவருக்கு இல்லை என்ற வீடு மற்றவருக்கு இருக்கிறது என்றால், பொய் கையும் களவுமாகப் பிடிபடும். அப்படிச் சோதிக்கச் சென்ற கறுப்பினப் பெண், தமக்கு உண்மையில் வீடு தேவைப்படாவிட்டாலும், பொய் சொல்லப்பட்டதற்காகவே வழக்குத் தொடுக்கலாம் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இளைஞர்களே, நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது, அமெரிக்கச் சட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே இருக்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று இன்று வழங்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டவோ பெறவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையைக் காரணமாக்கித் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. மாநகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டு, "எந்த ஊர்? அங்கே எந்தத் தெரு? சாப்பாடு எப்படி?" என்ற மூன்று கேள்விகளுக்குப் பின் திருப்பி அனுப்பப்பட்டவர் எத்தனை பேர் இந்த அவையில் இருக்கிறீர்கள்! அவர்களில் எத்தனை பேர் இந்தப் பிரிவைத் துணைக்கு அழைக்க முடிந்தது? மெய்ப்பிக்க வழியில்லை என்பதே தடை. சுகதேவ் தோராட்டும் அவர்தம் குழுவினரும் டெல்லி வட்டாரத்தில் இதே இணைச் சோதனை முறையைக் கையாண்டு ஆராய்ந்து, வாடகை வீட்டுச் சந்தையில் சாதியும் மதமும் வேலை செய்வதை 2015இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆய்வுக்குப் பயன்பட்ட முறை வழக்குக்கும் பயன்படக் கூடாதா? சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இதை ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அயல்நாடு செல்பவர்க்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டம் தந்த பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. அங்கே போனதும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது இந்திய மாணவரோடு பகிர்ந்துகொள்ளும் அறையைத்தான். வாடகை குறையும், மொழி புரியும். அங்கேதான் பழைய மூன்று கேள்விகள் மீண்டும் வருகின்றன. அறைத்தோழரைத் தேர்ந்தெடுப்பது மேற்படிச் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்று கலிபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே ஒரே அறையில் யாரோடு படுப்பது என்பதில் சட்டத்தை நம்பிப் பயனில்லை. ஆனால் வீட்டு உரிமையாளர் சாதி பார்த்தால் அது வேறு. சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரி 21ஆம் நாள், க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டத்தின் மூலம், வேலை, பொது இடங்கள், வீட்டுவசதி ஆகியவற்றில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரம் பின்தொடர்ந்தது. கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய இத்தகைய மசோதாவை மட்டும் ஆளுநர், இருக்கிற சட்டங்களே போதும் என்று காரணம் காட்டி, அக்டோபரில் மறுத்துவிட்டார். போதுமா என்பதை அங்கே வாழும் நம் பிள்ளைகள்தாம் சொல்ல வேண்டும். மறுக்கப்பட்டால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் அன்றே எழுதிவையுங்கள், உரையாடலைக் கடிதமாக்குங்கள்.

புறப்படுவோர் கையோடு வைத்திருக்க வேண்டியவை பற்றியும் கேட்டார்கள். நியூயார்க்கில் மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் காட்டச் சொல்வது உரிமையாளர்களின் வழக்கம். மாணவரால் அது இயலாது. அங்கேயே வருமானம் உள்ள ஒருவர் பிணை நின்றால் ஒப்புக்கொள்வார்கள். நம் சமுதாயத்தைச் சேர்ந்த முன்னோடிகள் அந்நாட்டில் இன்று இருக்கிறார்கள். பிணை நிற்க யார் முன்வருவார்கள் என்பதை மாணவர் விமானம் ஏறுமுன் கேட்டறிந்து சொல்ல நம் சங்கம் ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தலாம். வீட்டையோ உரிமையாளரையோ தெரிந்தவர் ஒருவர் நேரில் பார்க்கும் வரை இங்கிருந்து பணம் அனுப்ப வேண்டாம். உதவித்தொகைக் கடிதம், பல்கலைக்கழகக் கடிதம், வங்கிச் சான்று ஆகியவற்றில் மும்மூன்று படிகள். முதல் மாத வாடகையும் முன்பணமும் உதவித்தொகை வந்து சேருமுன்பே கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அந்தத் தொகையைக் கடனாகத் தருவது பற்றி இன்று பிற்பகல் பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. உறுப்பினர்கள் உணவு முடிந்து இரண்டரை மணிக்குத் தவறாமல் கூடத்துக்கு வந்துவிடுமாறு வேண்டுகிறோம்.